ஓரகத்தியும் ஓரக்கத்தியும்

பெரிய அண்ணி யார் வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்டு மனிதர்களை நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவர்களுடைய மேசையை விசாரித்துவிடுவார். உட்காரும்போதே வலது கைக் கட்டைவிரல் மேசையின் ஓரத்தில் ஒருமுறை ஓடிவிட்டு வரும். ஓரம் வளைந்து வழவழப்பாக இருந்தால் முகம் மலரும். கூராக இருந்தால் என் காதருகே குனிந்து, "இந்த வீட்டுல யாருக்கோ தொடையில எப்பவும் கன்னிப்போயிருக்கும், பாரேன்" என்பார். நான் அவருக்கு நாத்தனார். நாத்தனாரின் காதில் இப்படிக் கிசுகிசுக்கிற அண்ணிகள் உலகத்தில் அதிகம் இல்லை என்பது, எனக்குக் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, வீட்டில் இருந்த கட்டில், மேசை, அலமாரி எல்லாமே அப்பா தன் பட்டறையில் செய்தவை. அப்பாவுக்குக் கூர் ஓரம்தான் சுத்தமான வேலைக்கு அடையாளம். "ஓரத்துல பென்சில் சீவணும்" என்பார். பிறந்ததிலிருந்து அந்த ஓரங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு இடுப்பை ஒடித்து நடக்கத் தெரியும். புதுப்பெண்ணுக்குத் தெரியுமா? முதல் வாரத்திலேயே தொடையில் இரண்டு இடம், இடுப்பில் ஒன்று, முழங்கையில் ஒன்று என்று நீலம் பாரித்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துப் பதறிப்போய் பெரிய அண்ணனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள்.

"உண்மையைச் சொல்லுடா. அந்தப் பொண்ணை அடிச்சியா?"

"நான் ஏம்மா அடிக்கிறேன். உன் சாப்பாட்டு மேசைதான் அடிக்குது."

அண்ணி யாரிடமும் குறை சொல்லவில்லை. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், பட்டறையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையின் நான்கு ஓரங்களையும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான்காவது ஓரத்தில் அப்பா எழுந்து வந்துவிட்டார். தான் சீவிய ஓரத்தை மருமகள் மழுங்கடிக்கிறாள்.  அப்பா மேசையைச் சுற்றி வந்தார். உள்ளங்கையை வைத்து நான்கு பக்கமும் தடவினார்.

"மூணு பக்கம் அலை அலையா இருக்கு. ஒரு பக்கம் நல்லா வந்திருக்கு" என்றார். "இனிமே இந்த வீட்டுல ஓரமெல்லாம் உன் பொறுப்பு."

அப்படித்தான் பெரிய அண்ணி பட்டறைக்குள் காலடி வைத்தார். கையால் தேய்த்தது கொஞ்ச நாள்தான். பிறகு ரூட்டர் மெஷின் வந்தது. கைக்குள் அடங்குகிற உருளை போன்ற மெஷின். அதன் வாயில் ஒரு சின்னக் கத்தியை மாட்டினால், அது சுழன்று பலகையின் விளிம்பை வளைவாகச் சீவிக்கொண்டே போகும். அந்தக் கத்தியை ஊர் முழுவதும் 'பிட்' என்றுதான் சொன்னார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "பிட்டுன்னா பரீட்சையில பசங்க மறைச்சு வெச்சு எழுதறது. என் பட்டறையில அது கிடையாது" என்று சொல்லி, 'ஓரக்கத்தி' என்று பெயர் வைத்தார். எங்கள் வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

எந்தப் பலகைக்கு எந்த ஓரக்கத்தி என்பதில் அண்ணிக்கு ஒரே ஒரு கேள்விதான். "இங்க யாரோட கை, எவ்வளவு நேரம் இருக்கும்?" புத்தக அலமாரித் தட்டில் கை ஒரு நொடி பட்டுவிட்டுப் போய்விடும், அதற்கு மூன்று மில்லி வளைவு போதும், கூர்மையை மட்டும் மழுக்கினால் சரி. கட்டில் சட்டம், நாற்காலிக் கை என்றால் ஆறு மில்லி. எழுதுகிற மேசையில் முழங்கை மணிக்கணக்காக ஊன்றியிருக்கும். அதற்குப் பத்து, அல்லது அரை இஞ்ச். வாங்க வருகிறவர்கள் மரத்தைப் பற்றிக் கேட்பார்கள். அண்ணி அவர்களைப் பற்றிக் கேட்பார். வீட்டில் நடக்கப் பழகுகிற குழந்தை உண்டா, எழுதும்போது இடது கையை எங்கே வைப்பீர்கள் என்றெல்லாம் விசாரிப்பார். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி கேக்குறாங்களே" என்று ஒரு வாத்தியார் என்னிடம் முணுமுணுத்துவிட்டுப் போனார். அவருடைய மேசைக்குத்தான் அண்ணி இருப்பதிலேயே பெரிய வளைவைக் கொடுத்தார்.

நான்கு வருடம் கழித்துச் சின்ன அண்ணனுக்குத் திருமணமாகி, சின்ன அண்ணி வந்து சேர்ந்தாள். அவளுக்கு என் வயதுதான்; நாங்கள் வாடி போடி. பெரிய அண்ணியை அவள் அக்கா என்று கூப்பிட்டாள். அண்ணன் தம்பி மனைவிகள் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. ஓர் அகத்துக்காரி, அதாவது ஒரே வீட்டுக்காரி என்று அர்த்தம். ஓரகத்திகள் என்றாலே அடுப்பங்கரையில் பனிப்போர் என்றுதான் ஊரில் பேச்சு. எங்கள் வீட்டு ஓரகத்திகளுக்கு அடுப்பங்கரையில் நிற்கவே நேரம் இல்லை. சின்னவள் வந்த இரண்டாம் மாதமே பட்டறைக்குள் நுழைந்துவிட்டாள். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க வீட்டுல ரெண்டு ஓரகத்தி, முப்பது ஓரக்கத்தி. எது எதைப் பிடிச்சிருக்குன்னு தெரியாது" என்பார்.

சின்னவளுடைய முதல் தவறு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஓரக்கத்தியின் நுனியில் ஒரு குட்டி பேரிங் இருக்கும். அது பலகையின் பக்கவாட்டைத் தொட்டு உருண்டுகொண்டே வரும். கத்தி எவ்வளவு கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். சின்னவள் பதினெட்டு மில்லி பலகை ஒன்றின் மேல் பக்கத்துக்கு ஒன்பது மில்லி வளைவு கொடுத்தாள். பிரமாதமாக வந்தது. ஆசை விடவில்லை. பலகையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் ஒன்பது கொடுக்கப்போனாள். இரண்டு ஒன்பதும் சேர்ந்தால் பதினெட்டு. பேரிங் உருளுவதற்குத் தட்டையான இடமே மிச்சமில்லை. அது முதல் வளைவுக்குள் சரிந்து விழ, கத்தி பலகைக்குள் பாய்ந்து ஒரு பெரிய வாய் பிளந்துவிட்டது. சின்னவள் மரத்தூள் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

பெரிய அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை. மூலையில் கிடந்த பலகைகளைக் காட்டினார். "அது அஞ்சும் நான் கருக்கினது. மூலைக்கு வந்தா கருகிடுது. ஏன்னு இன்னும் தெரியலை."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்துபோய் அந்தப் பலகைகளைப் பார்த்தாள். "நீங்க மூலையில நின்னு யோசிக்கிறீங்க அக்கா. மெஷின் நிக்காம சுத்துது, கை மட்டும் நிக்குது. கருகாம என்ன செய்யும்? யோசிக்கிறதை எல்லாம் வீட்டுலயே முடிச்சிட்டு வந்துடுங்க."

அதற்குப் பிறகு இருவரும் ஒரு பலகையைச் சேர்ந்துதான் செய்தார்கள். முதலில் குட்டைப் பக்கங்கள் இரண்டும். அங்கே நார் வெட்டுப்படுவதால் மூலை பிய்ந்துபோகும். அப்புறம் நீளப் பக்கங்கள். அந்த வெட்டு, பிய்ந்த மூலைகளையும் சேர்த்துச் சுத்தமாக்கிக்கொண்டு போய்விடும். எப்போதும் இடமிருந்து வலம். அண்ணி ஒரு மூலைவரை கொண்டுபோய் மெஷினை நீட்டுவார், சின்னவள் வாங்கிக்கொண்டு அடுத்த பக்கம் நடப்பாள். அந்த இரைச்சலில் பேச முடியாது. முகமூடிக்கு மேலே தெரிகிற இரண்டு ஜோடிக் கண்கள்தான் பேசிக்கொள்ளும். மெஷினை நிறுத்தியதும் விட்ட இடத்திலிருந்து வாய் தொடங்கும். என்னதான் பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. அப்படிச் சிரித்துக்கொண்டு இரண்டு பெண்கள் வேலை செய்ததை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

கண் பட்டதுபோல ஆயிற்று. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த மறு வருடம், அண்ணன் தம்பிக்குள் வெடித்தது. காரணத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஓரக்கத்தியை மெஷினில் ஒரு துளி அதிகமாக இறக்கி வைத்தால், வளைவுக்கு மேலே மெல்லிய படி ஒன்று விழும். பெரிய அண்ணனுக்கு அந்தப் படி வேண்டும், அதுதான் அழகு. சின்ன அண்ணனுக்கு அது கூடாது, அழுக்கு சேரும். பல வருடமாக இருந்த இந்தச் செல்லச் சண்டையை, ஒருநாள் மேசை வாங்க வந்தவர் முன்னால் சின்ன அண்ணன் கொட்டிவிட்டார்.

"படியெல்லாம் எங்க அப்பா காலத்து வேலைங்க. இப்ப யாரும் வெக்கிறதில்லை."

"அப்பா காலத்து வேலை ஆகாது, அப்பா காலத்துப் பட்டறை மட்டும் ஆகுமா?" என்றார் பெரிய அண்ணன்.

அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். பதினைந்து நாளில் சின்ன அண்ணன் நகரத்தின் அந்தக் கோடியில் தனிப் பட்டறை பார்த்துவிட்டார். சாமான்களைப் பிரித்தார்கள். ஓரக்கத்திப் பெட்டியில் இரண்டு இழுப்பறை. மேல் இழுப்பறையில் வெளிப்பக்கம் வளைக்கிறவை, கீழ் இழுப்பறையில் உள்பக்கம் குடைகிறவை. "மேல இருக்கிறது எனக்கு. கீழ இருக்கிறதை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்று பெரிய அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். தம்பி இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார். சின்ன மெஷின் இங்கே, பெரிய மெஷின் அங்கே. ஓரகத்திகள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, தங்கள் கத்திகள் பாகமாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் பெரிய அண்ணன் சொன்ன சொல்தான் கொடுமை. "அந்த வாசப்படியை மிதிக்கிறவங்க யாரா இருந்தாலும் இந்த வாசப்படிக்கு வரவேண்டாம்." அது பெரிய அண்ணிக்குச் சொன்னது. சின்ன அண்ணன் மட்டும் சளைத்தவரா? "எங்க வீட்டு ஆள் இங்க வரணும்னா, அண்ணன் தன் கைப்பட எழுதிக் கூப்பிடணும்" என்றார்.

மூன்று வருடம் ஓடியது. அப்போதெல்லாம் கைப்பேசி ஏது? இரண்டு பேருந்து மாறினால் போய்விடக்கூடிய தூரம். நான் மட்டும் போய்வருவேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எந்த வாசலும் தடையில்லை. நான் திரும்பி வந்ததும் பெரிய அண்ணி எதுவும் கேட்கமாட்டார். கேட்டால் அண்ணன் சொல்லை மீறியதாகிவிடும் அல்லவா? என் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார். "சின்ன அண்ணி இளைச்சுட்டா" என்று நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அன்று அவர் சாப்பிடமாட்டார்.

பட்டறையில் தனியாகத்தான் ஓரம் பிடித்தார். மூலைக்கு வந்ததும் கை அரை நொடி நீளும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் திரும்பி வரும். அந்த அரை நொடியில் மூலை லேசாகக் கருகும். அதை அவர் உட்கார்ந்து தேய்த்து எடுப்பார். ஆணியில் தொங்கிய சின்னவளின் முகமூடியை வாரம் ஒருமுறை துவைத்து மறுபடியும் அதே ஆணியில் மாட்டுவார்.

நான் சில நாள் தங்க வந்திருந்த ஒரு சமயத்தில்தான் தையல்காரம்மா ஒருவர் மேசை கேட்டு வந்தார். அவரும் இரண்டு மகள்களும் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பகலில் துணி வெட்டப் பெரிய மேசை வேண்டும். படுக்கிற நேரத்தில் அதை மடக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் இறக்கை வைத்த மடக்கு மேசை. நடுப்பலகையின் ஓரம் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். இறக்கையின் ஓரம் அதே அளவுக்கு உள்பக்கம் குடைந்திருக்கும். கையைக் குவித்து இன்னொரு கைமுட்டியை மூடுகிற மாதிரி. இரண்டு வளைவும் ஒரே கணக்காக இருந்தால்தான் இறக்கை சத்தமில்லாமல் ஏறி இறங்கும்.

வெளி வளைவுக் கத்தி எங்களிடம் இருந்தது. குடைகிற கத்தி போய்விட்டதே. பெரிய அண்ணன் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தார். எங்கள் பட்டறையில் அரை இஞ்சையும் பன்னிரண்டு மில்லியையும் 'அரை' என்றே சொல்லிப் பழக்கம். தனித்தனி வேலைக்கு அந்தப் பழக்கத்தால் ஒரு கெடுதலும் இல்லை. கடைக்காரர் கொடுத்தது பன்னிரண்டு. எங்களிடம் இருந்தது அரை இஞ்ச், முக்கால் மில்லி அளவுக்குப் பெரிது. துண்டுப் பலகைகளில் வெட்டிக் கீல் மாட்டிப் பார்த்தார்கள். இறக்கை பாதி ஏறியதும் உரசிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு தரம் வெட்டினார்கள், மூன்று தரம் வெட்டினார்கள். அரை இஞ்ச் குடைகிற கத்தி கடையில் இல்லை. சனிக்கிழமை மேசை கொடுத்தாக வேண்டும். அன்று புதன்.

பெரிய அண்ணன் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார். பிறகு அளவுச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினார். மனிதனைக் கேட்கவில்லை, கத்தியைத்தானே கேட்கிறேன் என்று தனக்குள் சமாதானம் செய்துகொண்டிருப்பார். எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போலச் சீட்டை அண்ணியிடம் நீட்டினார். "பாத்துட்டு, மரம் இறக்க வந்த மாட்டு வண்டிக்காரர்கிட்ட குடு. அந்தப் பக்கம்தான் போறாராம்."

பெரிய அண்ணனுக்கு மரத்தில் ஒரு மயிரிழை பிசகாது; எழுத்தில் ஒன்றாவது பிசகிவிடும். மேசை 'மேச' ஆகும், நாற்காலி 'நாக்காலி' ஆகும். மணமான நாளிலிருந்து அவர் எழுதிய ஒவ்வொரு சீட்டையும் அண்ணி திருத்தித்தான் வெளியே அனுப்புவார். அன்றைய சீட்டில் இப்படி இருந்தது:

'ஓரகத்தியை அனுப்பு. இங்கே வேலை நிற்கிறது. இரண்டே நாள். பழுதில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.'

நான் அண்ணியின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். க் இல்லை. ஓரக்கத்தி ஓரகத்தியாகிவிட்டது. அண்ணியின் கை காதில் செருகியிருந்த பென்சிலுக்குப் போனது. எடுத்தார். நுனியைச் சீட்டில் வைத்தார். பென்சில் அங்கேயே நின்றது.  பிறகு பென்சிலைக் காதிலேயே செருகிக்கொண்டு, சீட்டை நாலாக மடித்தார்.

"அண்ணி" என்றேன்.

"நீ ஒண்ணும் பாக்கலை" என்றார் அண்ணி.  மர வண்டிக்காரர் இருந்த இடத்துக்கு நடந்துபோகும்போது அவர் முதுகைப் பார்த்தேன். புருஷனை ஒரு சொல் எதிர்த்துப் பேசாத பெண்ணின் முதுகு அது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. பலகை அடுக்கின் மேல், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்ன அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

பெரிய அண்ணன் வெளியே வந்தார். "என்ன இது?"

வண்டிக்காரர் இறங்கித் துண்டால் முகம் துடைத்தார். "நீங்கதானே அண்ணே எழுதி அனுப்பினீங்க. பழுதில்லாம கொண்டுவந்துட்டேன். இறக்கிக்குங்க."

சின்னவள் அதற்குள் குதித்து இறங்கி ஓடிவந்து பெரிய அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? கையில அடிபட்டுடுச்சா? வேலை நிக்குதுன்னு எழுதியிருந்துதே. அண்ணன் கையெழுத்துலயே வந்திருக்குன்னா ஏதோ பெருசா நடந்திருக்குன்னு அவர் சொன்னார். நான் சாப்பிடக்கூட இல்லை." சொல்லச் சொல்ல அழுகை பொத்துக்கொண்டு வந்தது.  பெரிய அண்ணி அவள் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் கத்தியைக் கேட்டேன்" என்றார் பெரிய அண்ணன்.

"சீட்டு இருக்கு அத்தான்." சின்னவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணன் படித்தார். இரண்டாம் முறை உதட்டை அசைத்துப் படித்தார். காது மடல் சிவந்தது. வண்டிக்காரர் இன்னும் மாட்டை அவிழ்க்கவில்லை. இவர் ஒரு சொல் சொன்னால் வந்த வண்டி வந்த வழியே போய்விடும். அண்ணன் மனைவியைப் பார்த்தார். "இதை நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா அனுப்பின?"

"ஆமாங்க." அண்ணி சின்னவளின் கையை விடவில்லை. "கல்யாணமான நாள்லேருந்து உங்க எழுத்தைத் திருத்துறேன். இந்த ஒண்ணை மட்டும் திருத்த மனசு வரலை. அவ வாசப்படியை நான் மிதிக்கலை. அவளும் உங்க கைப்பட எழுதினதைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கா. ரெண்டு பேர் பேச்சையும் நாங்க மீறலை. இனிமே உங்க இஷ்டம். திருப்பி அனுப்பணும்னா அனுப்பிடுங்க. ஆனா அதை நீங்களே அவகிட்ட சொல்லுங்க. என்னால முடியாது."

அவ்வளவு நீளமாக அண்ணி பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. பெரிய அண்ணன் சின்னவளைப் பார்த்தார். பயந்துபோய்ச் சாப்பிடாமல் ஓடிவந்த முகம். 

"எழுதினது எழுதினதுதான்" என்றார். "ரெண்டு நாள்." பிறகு இன்னொரு சீட்டைக் கிழித்து எழுதி, மனைவி கையில் கொடுக்காமல் நேராக வண்டிக்காரரிடமே கொடுத்தார். போகிற போக்கில் எங்களுக்குக் கேட்கும்படி, "இதுல ரெண்டு க் போட்டிருக்கேன்" என்றார். உள்ளே போய்விட்டார். பெரிய அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னவள் சாப்பிட்டுவிட்டு வந்து ஆணியிலிருந்து முகமூடியை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். "புதுசா வாங்கினீங்களா அக்கா?"

"இல்லைடி. உன்னுதுதான்."

அன்று முழுவதும் நடுப்பலகையின் ஓரங்களை முடித்தார்கள். இரண்டு தவணையாக வெட்டினார்கள். முதலில் பாதி ஆழம், பிறகு மீதி. மூலைக்கு வந்ததும் அண்ணியின் கை நீண்டது. வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருந்தது. ஒரு மூலையும் கருகவில்லை. இடையில் மெஷினை நிறுத்தியபோது, மூன்று வருடத்துப் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் திண்டாடினார்கள். கடைசியில் சின்னவள், "உங்க அலமாரி ஓரத்துக்கு ஏன் ஆறு குடுத்தீங்க? மூணு போதுமே" என்று சண்டையிலிருந்தே ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கத்தி வந்தது. மர வண்டியில் அல்ல. சின்ன அண்ணனே, பெரிய மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு பேருந்து மாறி வந்து நின்றார். வாசலைத் தாண்டவில்லை.

"இந்தக் கத்திக்குக் காம்பு தடி" என்று நிலைப்படியைப் பார்த்துச் சொன்னார். "சின்ன மெஷின்ல போகாது. அதான் இதையும் தூக்கிட்டு வந்தேன்."

"தெரியும்" என்றார் பெரிய அண்ணன், உள்ளேயிருந்து.

"தெரிஞ்சா ஏன் கத்தியை மட்டும் கேட்டீங்க?"

"கேட்டதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துது." அண்ணன் நிலைப்படிவரை வந்தார். "தோள்ல எவ்வளவு நேரம்டா வெச்சிருப்ப. உள்ள வந்து இறக்கு."

மூன்று வருடப் பகை இப்படி ஒரு மெஷினின் பாரத்தில் இறங்கியது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். இருவரும் குனிந்து, காம்பு மெஷினின் வாயில் எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று பார்த்தார்கள். முழுக்கத் தள்ளாமல் ஒரு துளி மேலே இழுத்து முறுக்கினார்கள். படி விஷயத்தை மட்டும் யாரும் பேசவில்லை. மடக்கு மேசை மூட்டுக்குப் படி இருந்தே ஆகவேண்டும் என்பதால் பேசத் தேவையும் இல்லாமல் போயிற்று. சாயங்காலத்துக்குள் இறக்கைகள் இரண்டும் தயார். கீல் மாட்டி, பெரிய அண்ணி ஒரே விரலால் இறக்கையைத் தூக்கினார். ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி மட்டமாக நின்றது.

சின்ன அண்ணன் கையைத் துடைத்தார். "ரெண்டு நாள் ஆயிடுச்சு. கிளம்பலாமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

சின்னவள் முகமூடியைக் கழற்றினாள்.  பெரிய அண்ணி மேசைமேல் இல்லாத மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இத்தனை செய்தும் அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளப் போகிறது என்பது அவர் குனிந்த தலையிலேயே தெரிந்தது. பெரிய அண்ணனும் அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சீட்டு எங்க?" என்றார் திடீரென்று. அண்ணி எடுத்துவைத்திருந்ததை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டே நாள்னுதான் எழுதியிருக்கேன். ஒரே தடவையா, வாரா வாரமான்னு எழுதலையே."

"அதையும் விட்டுட்டீங்களா" என்றார் தம்பி. சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "எனக்கும் அங்க வேலை இருக்கு அண்ணா. செவ்வாயும் வெள்ளியும் அனுப்புறேன். அண்ணி ஒரு நாள் அங்க வரட்டும். என் ஓரமெல்லாம் பாக்கிறதுக்கு ஆள் இல்லாம கிடக்கு."

பெரிய அண்ணன் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தன் வாயால் அடைத்த வாசல் அல்லவா? "அவளைக் கேளு" என்றார் கடைசியில். "அவ வர்றேன்னா நான் என்ன சொல்ல."

பட்டறைகள் ஒன்று சேரவே இல்லை. பெரிய அண்ணன் கடைசிவரை படி வைத்தார். சின்ன அண்ணன் வைக்கவில்லை. ஆனால் பதினொரு வருடம், சின்ன அண்ணன் வெளியூருக்குக் குடிபெயர்ந்து போகும்வரை, அந்த மூன்று நாட்கள் தவறியதில்லை. இப்போது பெரிய அண்ணன் இல்லை, மெஷின்கள் யார் யாரிடமோ இருக்கின்றன. என் தலையும் நரைத்துவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம்தான்.

பேருந்து நிறுத்தம்வரை பெரிய அண்ணியும் கூடவே நடந்தார். சின்னவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வந்துடுவேன் அக்கா."

"ஏழரைக்கே வாயேன்டி."

"ஏழரைக்கு வந்தா அத்தான் இன்னும் பல்லே விளக்கியிருக்கமாட்டார்."

"அவர் எப்ப விளக்கினா என்ன" என்றார் பெரிய அண்ணி, நகரத் தொடங்கிய பேருந்தோடு நாலடி நடந்துகொண்டே. "நான் கதவைத் திறந்து வெச்சிருப்பேன்."